நம்ம ஊர் மைதானங்களில் ஹை லைன் சரிவருமா?

கொட்டியார் கரை
வெள்ளி, இரவு 9.40

எங்கட கழகத்தின் 20 வயதுக்குட்பட்ட அணியை இந்த முறை நான்தான் பார்க்கிறேன். ஒரு விசயத்தை இங்கே போட்டு நாலு பேரிடம் அடிபட விடலாம் என்று நினைத்தேன்.

பொடியன்கள் நன்றாக ஓடக்கூடியவர்கள். ஆனால் எதிரணி பந்தை எடுத்த உடனே பின்னால் நிற்கிற நாலு பேரும் நேரே பொக்ஸ் (கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி கட்டம்) வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, சின்ன வயதுப் பழக்கம். முன்னுக்கு நிற்கிற இரண்டு பேரும் எதிரணியின் பாதியை விட்டு வரமாட்டார்கள். நடுவில் இருக்கிறவர்கள்தான் பாவம், ஐம்பது அறுபது மீற்றர் நிலத்தைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. பந்தை வெட்டி வெளியே அடித்தால் அது எதிரணியின் காலில்தான் போய் விழுகிறது. உடனே திரும்பி வருகிறது. இடைவேளைக்கு முதலே நாக்குத் தள்ளிவிடும்.

அதனால் லைனை, அதாவது பின்னால் நிற்கிற நாலு பேரின் கோட்டை, நடுக்கோட்டுப் பக்கம் மேலே தூக்கலாமா என்று பார்க்கிறேன். ஹை லைன் என்பது இதுதான். பயிற்சியாளர் அரிகோ சாக்கி ஏசி மிலானில் செய்தது ஞாபகம் இருக்கும். கடைசிப் பின்கள வீரருக்கும் முன்கள வீரருக்கும் நடுவில் 25 மீற்றர்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. டசோட்டி, கொஸ்டகூர்டா, பரேசி, மல்டினி நாலு பேரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள், ஒரே நேரத்தில் இறங்குவார்கள். 1989 ஏப்ரலில் ரியல் மெட்ரிட்டை 5-0 என்று அடித்தது அந்த அணிதான். எல்லோரும் இதை ஓப்சைட் பொறியாக, அதாவது பாஸ் உதைபடுகிற நேரத்தில் பின்கள வீரர்களைத் தாண்டி நிற்கிறவனை மாட்டுகிற வழியாக, மட்டும் பார்க்கிறார்கள். என்னை இழுத்தது வேறு. அணி சுருங்கி நின்றால் ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தூரம் குறையும். பந்து பறிபோனாலும் பக்கத்தில் ஆள் இருப்பான். பறித்த இடத்திலிருந்து கோலுக்கு நாற்பது மீற்றர்தான் இருக்கும். எங்கட வெயிலுக்கு இது தேவை.

கையில் இருப்பது: வேகமான கீப்பர் ஒருவன். சென்டர் பெக் (நடுவில் நிற்கிற பின்கள வீரர்) இருவரில் ஒருவன் நல்ல வேகம், மற்றவன் மெதுவானவன், ஆனால் வாய் உள்ளவன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். டிவியில் பார்த்ததை மட்டும் வைத்துக் கதைக்காதீர்கள்.


பழைய ஸ்டொப்பர்
வெள்ளி, இரவு 10.05

தம்பி, மெதுவான சென்டர் பெக் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதற்கு மேல் விவாதம் என்ன?

லைன் மேலே நின்றால் பின்னால் நாற்பது மீற்றர் வெறும் நிலம். அதற்குள் ஒரு லோங் போல், ஒரு ஓட்டக்காரன், கதை முடிந்தது. 2020 ஒக்டோபரில் லிவர்பூல் எஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அவர்கள் இங்கிலாந்தின் நடப்புச் சம்பியன்கள், பின்களத்தின் தூணான வான் டைக்கும் களத்தில் நின்றவர். அப்படியான பின்களத்துக்கே அந்தக் கதி என்றால், வேலை முடித்து நேரே பயிற்சிக்கு வருகிற பொடியனுக்கு என்ன கதி?

சாக்கியைச் சொல்லுமுன் இதையும் பாருங்கள். அவர் மிலானில் ஆடவிட்ட காலத்தில் கடைசிப் பின்கள வீரருக்கு நேராக நின்றாலே ஓப்சைட். 1990இல்தான் நேராக நின்றால் சரி என்று சட்டம் மாறியது. பந்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு மூலையில் நிற்கிறவனுக்கும் அந்த நாளில் கொடி தூக்கினார்கள். நாங்கள் ஆடும்போது கையைத் தூக்கினால் போதும், லைன்ஸ்மன் கொடியும் தூக்குவார். இப்போது அந்தச் சலுகை எல்லாம் போய்விட்டது. பொறி அதே பொறி, கம்பிதான் தளர்ந்துபோயிருக்கிறது.


நள்ளிரவு பார்சா
வெள்ளி, இரவு 10.31

அண்ணா, சட்டம் தளர்ந்த பிறகும் பார்சிலோனாவின் பயிற்சியாளராக ஹான்சி ஃபிளிக் செய்து காட்டினாரே. 2024 ஒக்டோபர் 26, ரியல் மெட்ரிட்டின் பெர்னபேயு மைதானம். எங்களுக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கிய மெட்ச். ரியல் மெட்ரிட் 12 தடவை ஓப்சைட், அதில் 8 தடவை எம்பாப்பே மட்டும். உலகத்திலேயே வேகமான ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர் அன்று முழுக்க லைன்ஸ்மனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். முடிவு 0-4. அந்த சீசனில் நான்கு கிளாசிக்கோவையும் (இந்த இரண்டு அணிகளும் மோதுகிற மெட்ச்) பார்சிலோனாதான் வென்றது. லீக், கோப்பா டெல் ரே, சுப்பர் கோப்பா மூன்றும் வந்தது.

எங்கட சென்டர் பெக் குபார்சிக்கு அப்போது 17 வயது. கொட்டியார் அண்ணனின் பொடியன்களைவிடச் சின்னவன்.


பழைய ஸ்டொப்பர்
வெள்ளி, இரவு 10.38

அதே சீசனில் சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரிடம் எத்தனை வாங்கினீர்கள்? முதல் மெட்ச்சில் மூன்று, இரண்டாவதில் நான்கு. ஏழு கோல் வாங்கிய பின்களத்தை மாதிரியாகக் காட்டுகிறீர்கள்.


நள்ளிரவு பார்சா
வெள்ளி, இரவு 10.40

ஆறு கோல் அடித்தோமே.


பழைய ஸ்டொப்பர்
வெள்ளி, இரவு 10.41

அதனால்தான் இறுதிப் போட்டியை என்னோடு சேர்ந்து டிவியில் பார்த்தீர்கள்.


கிண்ணியா விங்கர்
வெள்ளி, இரவு 11.20

நான் இந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். ஹை லைனை உடைக்கிறதுதான் என் தொழில், வருசக்கணக்கில்.

ஸ்டொப்பர் நானா சொல்கிற மாதிரி வெறும் வேகத்தால் அது உடைவதில்லை. நேரே ஓடினால் பத்துக்கு ஏழு தடவை ஓப்சைட்தான். நான் செய்வது இது. முதலில் பெக்குக்குப் பின்னால், அவன் கண்ணில் படாத இடத்தில் போய் நிற்பேன். ஓப்சைடில் நிற்கிறேன் என்று அவன் என்னை விட்டுவிடுவான். பிறகு பக்கவாட்டில் நடந்து வந்து லைனுக்குள் திரும்ப ஏறுவேன். பாஸ் கொடுக்கிறவன் காலைப் பின்னுக்கு இழுக்கிற அந்த நொடியில்தான் ஓட்டம். அதற்குள் பெக் எனக்கு எதிர்ப்பக்கமாக இடுப்பைத் திருப்பியிருந்தால், அவன் திரும்பி முடிக்க ஒரு எட்டு ஆகும். அந்த ஒரு எட்டு எனக்குப் போதும். இன்னொன்று, நான் இறங்கிப் பந்து கேட்கிற மாதிரி வந்து பெக்கை இழுத்துக்கொண்டு வருவேன். அந்த இடைவெளிக்குள் மிட்ஃபீல்டில் இருந்து ஒருவன் ஓடிவிடுவான். அவனை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் நடப்பதற்குப் பாஸ் கொடுக்கிறவன் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அவன் மேல் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தால் அவன் பந்தைத்தான் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான். நான் எவ்வளவு அழகாக ஓடி என்ன? அப்படியான மெட்ச்களில் எனக்குப் பந்தே வந்ததில்லை. சும்மா ஓடி ஓடிக் களைத்ததுதான் மிச்சம்.

லைன் எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு முதல், முன்னால் நிற்கிற இரண்டு பேரும் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பந்து வைத்திருக்கிறவனைத் துரத்த மாட்டார்கள் என்றால் ஸ்டொப்பர் நானா சொல்கிறதுதான் சரி, பொக்ஸ் வாசலிலேயே நில்லுங்கள்.


கொட்டியார் கரை
வெள்ளி, இரவு 11.52

விங்கர் சொன்னதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இன்டருடனான இரண்டாவது மெட்ச்சில் முதல் கோல் எப்படி வந்தது? நடுவில் ஒல்மோவிடமிருந்து டிமார்க்கோ பந்தைப் பறித்து உடனே பின்னால் போட்டார். டம்ஃபிரீஸ் ஓடி எடுத்துக் குறுக்கே கொடுக்க, லவுத்தாரோ வெறும் கோலுக்குள் தள்ளினார். பறித்தவர் மேல் யாருமே இல்லை. லைன் தனியாக என்ன செய்யும்?

ஆகவே பொடியன்களுக்கு நான் சொல்லப் போவது: பந்து வைத்திருப்பவன் எங்களுக்கு முதுகு காட்டினால் ஏறு. பந்து பின்னுக்குப் போனால் ஏறு. காற்றில் இருக்கும்போதும் ஏறு. அவன் திரும்பி, தலை நிமிர்ந்து, பக்கத்தில் எங்கட ஆள் இல்லாமல் நின்றால், அவன் உதைக்கிற வரைக்கும் காத்திருக்காதே, அதற்கு முதலே பக்கவாட்டாக இறங்கத் தொடங்கு. அந்த நேரத்தில் ஓப்சைட் பிடிக்கலாம் என்று நிற்கிறவனை வெளியே கூப்பிட்டுவிடுவேன்.

இறங்குவது எப்போது என்று தெரியாதவன் ஏறவே கூடாது. என் கணக்கில் இந்த ஆட்டத்தின் பாதிக்கு மேல் இறங்குவதில்தான் இருக்கிறது.


மூதூர் ரசிகன்
சனி, காலை 6.15

காலையில் எழும்பிப் பார்த்தால் இத்தனை பதிவா. எல்லாம் வாசித்தேன். எனக்கு ஆர்சனல்தான் ஞாபகம் வந்தது. ஜோர்ஜ் கிரஹாம் பயிற்சியாளராக இருந்த காலத்துப் பின்களம்: டிக்ஸன், அடம்ஸ், போல்ட், வின்டர்பர்ன். நாலு பேரும் ஒன்றாகக் கை தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் காட்சி.


லைன் கொடி
சனி, காலை 8.30

கை தூக்குவதைப் பற்றிக் கதை வந்ததால் நானும் வருகிறேன். நான் கொடி பிடிக்கிறவன், முறையாகப் பரீட்சை எழுதித்தான்.

ஃபிளிக்கின் லைனைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். லா லீகாவில் 2024-25 சீசனில்தான் அரைத் தானியங்கி ஓப்சைட் முறை வந்தது. பல கமராக்கள் ஒவ்வொரு வீரரின் கை, கால், தோளையும் தொடர்ந்து பார்க்கின்றன. அரை அடி முன்னால் நின்றாலும் மாட்டுவான். 2022 உலகக் கிண்ணத்தில் சவூதி அரேபியா ஆர்ஜென்டினாவை 2-1 என்று வென்ற மெட்ச்சிலும் இந்த முறை இருந்தது. ஆர்ஜென்டினா 10 தடவை ஓப்சைட். முதல் பாதியில் மட்டும் மூன்று கோல் ரத்து. லவுத்தாரோ அடித்த ஒன்று தொழில்நுட்பம் பார்த்த பிறகுதான் ரத்தானது. வெறுங்கண்ணால் பார்த்த எனக்கு அது சுத்தமான கோல்.

இனி எங்கட நிலைமைக்கு வாருங்கள். லீக் மெட்ச்சுக்கு முறையான ஆட்கள் வருவார்கள். நட்புப் போட்டி, ஊர்ச் சுற்றுப்போட்டி என்றால் கொடி யார் கையில்? கழகத்தில் மாற்று வீரனாக இருக்கிற பொடியன் கையில். அவனைக் குறை சொல்ல முடியாது. லைன் மேலும் கீழும் போகப் போக அவனும் கோட்டோடு ஓட வேண்டும். ஒரு மீற்றர் பின்தங்கினாலே கோணம் மாறிவிடும். நேராக நிற்கிறவன் முன்னால் நிற்பதுபோலத் தெரிவான், முன்னால் நிற்கிறவன் நேராகத் தெரிவான். பாஸ் உதைபடுகிற நொடியையும் லைனையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் நாற்பது மீற்றர் இடைவெளியில் இருக்கும்.

இன்னும் இரண்டு விசயம். ஓப்சைடில் நிற்கிறவன் பந்தைத் தொட ஓடுகிறானா, அல்லது பின்னால் இருந்து வேறு ஒருவன் ஓடி எடுக்கப் போகிறானா என்று பார்த்துத்தான் கொடி தூக்குவோம். அதற்கு ஒரு நொடி இரண்டு நொடி ஆகும். அதற்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டால் கோல் விழுந்த பிறகு என்னிடம் வந்து கத்தி வேலையில்லை. மற்றது, உங்கள் பெக் நிதானமாக விளையாடப் போய்ப் பந்தைப் பிழையாக உதைத்து அது ஓப்சைடில் நிற்கிறவனிடம் போனால், ஓப்சைட் இல்லை. சும்மா காலில் பட்டுத் தெறித்தால் ஓப்சைட் இருக்கும். இதை விளங்கப்படுத்தி எனக்குத் தொண்டை வரண்டுவிட்டது.

விசில் கேட்கும் வரை ஓடு. இதை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் கோல் மிச்சம்.


பழைய ஸ்டொப்பர்
சனி, காலை 8.58

அதே சவூதி அடுத்த இரண்டு மெட்ச்சில் போலந்திடம் 0-2, மெக்சிகோவிடம் 1-2 என்று தோற்று குழுவில் கடைசியாக வீட்டுக்குப் போனதையும் எழுதியிருக்கலாம். ஒரு நாள் சூதாட்டம் பலித்தது.


கையுறை
சனி, முற்பகல் 11.10

கீப்பரைப் பற்றி யாருமே கதைக்கவில்லை. வழக்கம்தான்.

ஹை லைன் என்றால் பின்னால் இருக்கிற நாற்பது மீற்றர் நிலத்துக்கும் சொந்தக்காரன் கீப்பர். எங்கட பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போது நான் பொக்ஸுக்கு வெளியே நிற்பேன். 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் கீப்பர் நொயர் ஆடியதைப் பாருங்கள். போர்ட்டோ அலெக்ரேயில் நடந்தது, ஜெர்மனி 2-1, மேலதிக நேரத்தில். பொக்ஸுக்கு வெளியே ஓடி ஓடித் தலையாலும் காலாலும் வெட்டினார். பின்னால் நின்றவர் மெர்டசாக்கர், மெதுவான ஆள். கொட்டியார் அண்ணனின் பொடியன் மாதிரி. ஆனால் அடுத்த மெட்ச்சில் பிரான்ஸுக்கு எதிராகப் பயிற்சியாளர் லோவ் மெர்டசாக்கரை வெளியே உட்கார வைத்துவிட்டார். அதையும் கவனிக்க வேண்டும்.

இனி எங்கட மைதானம். இங்கே மே மாதத்துக்குப் பிறகு கச்சான் (வறண்ட, சூடான காற்று) தொடங்கினால் நிலம் கல் மாதிரி இறுகிவிடும். அந்த நாள்களில் லோங் போல் எப்படி விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எதிரணி காற்றோடு உதைத்தால் பந்து லைனைத் தாண்டி விழுந்து, எகிறி, வழுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிடும். ஓட்டக்காரன் எட்டவே மாட்டான். காற்றுக்கு எதிராக உதைத்தால்தான் கஷ்டம். மேலே போன பந்து அங்கேயே தொங்கி, பெக்குக்கும் எனக்கும் நடுவில் செத்த மாதிரி விழும். நான் ஓடி வந்தால் பத்து மீற்றர் தூரம், ஓட்டக்காரனுக்கும் பத்து மீற்றர். பிந்தினால் ரெட் கார்ட். பொக்ஸுக்கு வெளியே என்பதால் கையும் பயன்படாது.

மாரி முடிந்து புல் இருக்கிற இரண்டு மூன்று மாதம் வேறு ஆட்டம். அப்போது பந்து கொஞ்சம் நிற்கும்.


பழைய ஸ்டொப்பர்
சனி, முற்பகல் 11.34

கையுறை தம்பி, காற்றோடு உதைக்கிறதுதான் ஆபத்து. நீங்கள் பொக்ஸுக்கு வெளியே நிற்கிறீர்கள், காற்று எதிரணியின் முதுகில். நடுக்கோட்டில் இருந்து ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தால் உங்கள் தலைக்கு மேலால் போய் உள்ளே விழும். நான் பார்த்திருக்கிறேன், அடித்தவனே நம்பவில்லை.


கையுறை
சனி, முற்பகல் 11.41

அது சீசனுக்கு ஒருமுறை. நான் சொல்கிறது மெட்ச்சுக்கு ஐந்து முறை நடக்கும்.


கிண்ணியா விங்கர்
சனி, நண்பகல் 12.05

எனக்கும் காற்றுக்கு எதிராக வருகிற பந்துதான் பிடிக்கும். அது என்னைக் காத்துக்கொண்டு நிற்கும். கையுறை சரி.


ஓய்வுபெற்ற வாத்தியார்
சனி, பிற்பகல் 3.20

பிள்ளைகளே, கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதி தாருங்கள். நியூகாசில் யுனைட்டட்டில் பில் மெக்ராக்கன் என்றொரு பின்கள வீரர் இருந்தார். அந்தக் காலத்தில் கோலுக்கும் ஓடுகிறவனுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓப்சைட். கீப்பரைக் கழித்தால் இரண்டு பேர். ஆகவே ஒரு பெக் மட்டும் முன்னேறினாலே பொறி விழுந்துவிடும், மற்ற பெக் பின்னால் காவலுக்கு நிற்கலாம். மெக்ராக்கன் இதில் கைதேர்ந்தவர். மைதானத்தில் ஆட்டமே நடக்கவில்லை, விசில் மட்டும்தான் ஊதினார்கள் என்கிற அளவுக்குப் போனது. 1925இல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதற்பிரிவில் 1924-25இல் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த சீசனில் 1,703.

அந்த ஒரு மாற்றத்தால்தான் லைனை உயர்த்துவது ஆபத்தான காரியமானது. முன்னேறுகிறவன் பிழைத்தால் பின்னால் யாரும் இல்லை. பிறகு 1974இல் ஒல்லாந்தர், 1980 யூரோவில் பெல்ஜியம், அப்புறம் சாக்கி என்று வந்தவர்கள் எல்லோரும் அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டே எடுத்தவர்கள். ஒல்லாந்தர் கூட்டமாகப் பந்தின் மேல் பாய்ந்துகொண்டே லைனைத் தூக்கினார்கள். விங்கர் தம்பி நேற்று எழுதியதைத்தான் அவர்கள் அன்று செய்தார்கள்.

எனக்கு நெட்டில் அதிகம் பழக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


நள்ளிரவு பார்சா
சனி, பிற்பகல் 4.02

சேர், ஒரு பிழையும் இல்லை.

ஸ்டொப்பர் அண்ணன் கேட்க முதல் நானே சொல்லிவிடுகிறேன். 2025-26இல் எங்கட லைன் ஆட்டம் கண்டது. 2025 ஒக்டோபரில் செவியாவிடம் 4-1 என்று தோற்றோம். பலரும் காரணம் சொன்னது ஒன்றைத்தான்: சென்டர் பெக் இனிகோ மார்டினஸ் அல் நஸ்ர் கழகத்துக்குப் போய்விட்டார். அவர் வேகமானவர் கிடையாது, 34 வயது. ஆனால் ஏறு, இறங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் அவருடையது. அவர் போனதும் நாலு பேரும் நாலு நேரத்தில் ஏறினார்கள். ஒருவன் அரை மீற்றர் பின்னால் நின்றால் போதும், மற்ற மூன்று பேரின் வேலையும் வீண்.

முன்னால் துரத்துவதும் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. இரண்டில் எது கூடிய காரணம் என்று பார்சா குழுவில் இன்னும் அடிபடுகிறோம்.


கொட்டியார் கரை
சனி, பிற்பகல் 4.45

இது எனக்கு வேண்டிய பதில். மெதுவானவன் என்று நான் எழுதிய பொடியன்தான் எங்கட அணியில் வாய் திறக்கிறவன். ஆட்டத்தை முன்கூட்டியே படிப்பான். அவனை வெளியே வைத்துவிட்டு வேகமான ஊமையைப் போடுவதா? அவனையே லைனின் தலைவனாக்கி, வேகமானவனை அவன் பக்கத்தில் போட்டு, மெதுவானவனைத் தாண்டிப் போகிற பந்தைப் பார்க்கிற பொறுப்பை வேகமானவனுக்குக் கொடுப்பது என்று நினைக்கிறேன்.


பழைய ஸ்டொப்பர்
சனி, மாலை 5.10

நானும் அந்த மெதுவான ஆளாகத்தான் இருந்தேன், அதனால் சொல்கிறேன். எங்களுக்குப் பின்னால் இருக்கிற நிலத்தின் அளவு தெரியும். பதினைந்து மீற்றர் என்றால் சமாளிப்போம், முப்பது என்றால் இல்லை. நடுக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

2023 நவம்பரில் டொட்டன்ஹாம் செல்சியோடு ஆடியதைப் பாருங்கள். ரொமேரோவும் உடோஜியும் ரெட் கார்ட், ஒன்பது பேர்தான் மிச்சம். அப்போதும் டொட்டன்ஹாம் பயிற்சியாளர் போஸ்டெகோக்லு லைனை நடுக்கோட்டிலேயே வைத்திருந்தார். தன் பாதிக்குள் நிற்கிறவனுக்கு ஓப்சைடே கிடையாது. செல்சி வீரர்கள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று புறப்பட்டால் பொறியும் இல்லை, ஒன்றுமில்லை. கீப்பர் விக்காரியோ ஓடி ஓடி வெட்டினார். 75வது நிமிடம் வரைக்கும் தாங்கியது, பிறகு நிக்கலஸ் ஜக்சன் மூன்று கோல். 1-4.


நள்ளிரவு பார்சா
சனி, மாலை 5.18

ஒன்பது பேரை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் தாங்கினார்களே, அது பெரிய விசயம் இல்லையா? கடைசி நிமிடங்களில் டொட்டன்ஹாமின் சொன் சமப்படுத்தியும் இருப்பார், செல்சி கீப்பர் தடுத்துவிட்டார். பொக்ஸுக்குள் ஒன்பது பேரும் அடைந்து கிடந்தால் அந்த வாய்ப்பு வந்திருக்குமா?


பழைய ஸ்டொப்பர்
சனி, மாலை 5.25

தோற்றவனுக்குக் கைதட்டுகிற காலம் இது. சரி, விடுங்கள். கொட்டியார் தம்பி, என் கடைசி வார்த்தை: கோலில் இருந்து முப்பது, முப்பத்தைந்து மீற்றரில் லைனைப் போடுங்கள். முன்னால் நிற்கிற இருவரையும் நடுக்கோட்டு வட்டத்துக்கு இறக்குங்கள். நீங்கள் கேட்ட 25 மீற்றர் அங்கேயும் வரும். அணி சுருங்க வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை? அதை மேலே போய்த்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?


கொட்டியார் கரை
சனி, மாலை 6.30

ஸ்டொப்பர் அண்ணன் சொன்னதை யோசித்தேன். முதல் இரண்டு மூன்று மெட்ச்சுக்கு அப்படித்தான் தொடங்கப் போகிறேன். ஆனால் அங்கே பந்தைப் பறித்தால் எதிரணியின் கோலுக்கு எழுபது மீற்றர் இருக்கும். எங்கட முன்களக்காரர்கள் எழுபது மீற்றர் ஓடிக் கோல் அடிக்கிற ரகம் இல்லை. பக்கத்தில் பறித்தால்தான் அடிப்பார்கள். ஆகவே எதிரணி பந்தைத் தடுமாறி எடுக்கிற நேரங்களில், அவர்களின் கீப்பருக்குப் பின்பாஸ் போகிற நேரங்களில், முழு அணியும் மேலே போக வேண்டும். மற்ற நேரம் அண்ணனின் கோடு.

பயிற்சிக்கு: சாக்கி பந்தே இல்லாமல் பழக்கினவர். பந்து இங்கே, பந்து அங்கே என்று சொல்லச் சொல்ல முழு அணியும் நகர வேண்டும். கீப்பரோடு நாலு பெக்கையும் நிறுத்தி, குலிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேரை எதிரே விட்டு, கால் மணித்தியாலத்தில் ஒரு கோல் அடியுங்கள் பார்க்கலாம் என்று பந்தயம் கட்டுவாராம். அடிக்கவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் ஆறு பேரை வைத்துத் தொடங்குவோம். பத்துப் பேரைச் சேர்ப்பதே இங்கே பெரும்பாடு, ஒருவனுக்கு டியூஷன், ஒருவனுக்குக் கடை.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு வெயில் தணிந்த பிறகு. விங்கர், முடிந்தால் பாலம் தாண்டி வாருங்கள். உங்களைப் போல ஒருவன் எதிரே ஓடினால்தான் பொடியன்களுக்கு இடுப்பைத் திருப்புகிற விசயம் விளங்கும்.


கிண்ணியா விங்கர்
சனி, இரவு 7.02

இன்ஷா அல்லாஹ் வருகிறேன். தம்பிமார் இரண்டு பேரையும் கூட்டிவருகிறேன், என்னைவிடக் கெதியாக ஓடுவார்கள். ஆனால் முன்கள இருவரும் துரத்துவதைத்தான் முதலில் பழக்க வேண்டும். லைன் பிறகு.


மூதூர் ரசிகன்
சனி, இரவு 8.20

எல்லாம் வாசித்து முடித்தேன். ஒரு சின்னக் கேள்வி. கோல் கிக்கில் ஓப்சைட் உண்டா?


லைன் கொடி
சனி, இரவு 8.26

இல்லை. கோல் கிக், த்ரோ இன், கோர்னர் கிக் மூன்றிலும் இல்லை. கொட்டியார் அண்ணன் இதையும் பொடியன்களுக்குச் சொல்ல வேண்டும். எதிரணி கோல் கிக் எடுக்கும்போது லைனை மேலே வைத்தால், அவர்களின் ஸ்ட்ரைக்கர் உங்கள் பெக்கைத் தாண்டிப் போய் நிம்மதியாக நிற்கலாம். மான்செஸ்டர் சிட்டியில் கீப்பர் எடெர்சன் இருந்தபோது இதற்காகவே ஒருவர் பின்னால் போய் நிற்பார், அங்கிருந்தே நேரே உதைப்பார்கள். அந்த நேரத்தில் பெக்கும் அவனோடு இறங்கித்தான் ஆக வேண்டும்.


மூதூர் ரசிகன்
சனி, இரவு 8.31

அப்போ எங்கட கீப்பர் உதைத்து நாங்கள் அடித்த கோலுக்குக் கொடி தூக்கினார்களே?


லைன் கொடி
சனி, இரவு 8.33

தரையில் வைத்து உதைத்ததா, கையில் பிடித்து உதைத்ததா? ஆட்டத்துக்கு நடுவில் கையில் பிடித்து உதைத்திருந்தால் ஓப்சைட் உண்டு.


மூதூர் ரசிகன்
சனி, இரவு 8.34

தரையில் வைத்து. கோல் கிக்தான்.


லைன் கொடி
சனி, இரவு 8.40

அப்படியென்றால் பிழையான கொடி. நான் இல்லை அது.